செஞ்சியில் காவல்காரன் எங்கே உட்கார்ந்தான்?

ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் கேட்டில் எனக்கு வேலை. பெண்கள் வரும் வழியில் நிற்பேன். அடையாள அட்டையைப் பார்ப்பது, பையைத் திறந்து பார்ப்பது, உடம்பைத் தடவிச் சோதிப்பது, செல்போன் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவது. ஒன்பது வருடமாக இதுதான். எட்டாவது அரைப்பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு நிழலில் நிற்கிற உத்தியோகம் கிடைத்ததே பெரிது என்று எங்கள் சேரப்பணஞ்சேரியில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அதனாலேயே அது போய்விடுமோ என்ற பயத்தையும் தினமும் காக்கிச் சட்டையோடு சேர்த்து மாட்டிக்கொண்டு போவேன்.

பயம் எனக்குக் கூடப் பிறந்தது. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பஸ் ஏறிய பிறகு கேஸை மூடினோமா என்று பக்கத்து வீட்டுக்குப் போன் போடுவேன். எங்கே போர்டு மாட்டியிருந்தாலும் கடைசி வரி வரைக்கும் படிப்பேன். படிக்காமல் விட்ட வரியில்தான் நமக்கு ஏதாவது இருக்கும் என்று தோன்றும்.

செஞ்சிக்குப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் பயத்துக்கு நிஜமான காரணம் இருந்தது.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை காலை ஷிப்ட். ஆறு மணிக்கு ஆரம்பம். ஆறே கால் தாண்டினால் உற்பத்தி லைனில் வேலை செய்கிறவர்களை உள்ளே விடக்கூடாது, திருப்பி அனுப்ப வேண்டும். ஆறு இருபத்தைந்துக்கு ஒரு பெண் ஓடி வந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண். இருங்காட்டுக்கோட்டையில் நாலு பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருப்பவள். கம்பெனி பஸ் இரண்டு நிமிடம் முன்னால் போய்விட்டது, ஷேர் ஆட்டோவில் வந்து, ஜங்ஷனில் இறங்கி மீதியை ஓடியிருக்கிறாள். ஒரு மாதத்தில் மூன்று தடவை லேட் ஆனால் கான்ட்ராக்டில் பெயரை எடுத்துவிடுவார்கள். இது அவளுக்கு மூன்றாவது. அவள் அழவில்லை. முட்டியில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

பெரிய கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இரும்புக் கதவு உண்டு. கேன்டீனுக்குக் காய்கறி கொண்டு வருகிறவர்கள், பால்காரர் எல்லாம் அதன் வழியாக வருவார்கள். கம்பெனியில் அதற்கு விக்கெட் கேட் என்று பெயர். சாவி என் இடுப்பு வளையத்தில் இருக்கும். திறந்தேன். குனிந்து போனாள். பூட்டினேன். கை வைக்கிற மிஷின் பெரிய கேட்டில் இருப்பதால் அவள் வந்தது எதிலும் ஏறவில்லை. அவளுடைய லைன் லீடரும் ஆள் வந்தால் போதும் என்று வேலையில் நிறுத்திக்கொண்டார்.

பத்து மணிக்குச் சைரன் ஊதியது. தீப்பிடித்தால் எப்படி வெளியே வர வேண்டும் என்று பழக்குகிற ஒத்திகை, சொல்லாமல் வைப்பார்கள். எல்லாரும் மைதானத்துக்கு வந்து வரிசையாக நின்றார்கள். தலையை எண்ணிக் கேட்டில் இருக்கும் கணக்கோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் குறைந்தால் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று தேடுவார்கள், அது எனக்குத் தெரியும். ஒருவர் கூடினால் என்ன செய்வார்கள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். மூன்று தடவை எண்ணினார்கள். மூன்று தடவையும் ஒரு தலை அதிகம். யார் என்று கண்டுபிடிப்பதற்குள் லைனை ஓட்ட வேண்டும் என்று எல்லாரையும் உள்ளே அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் சேதி வந்தது. எங்களை வேலைக்கு வைத்திருக்கும் செக்யூரிட்டி கான்ட்ராக்டரின் ஃபீல்டு ஆபீசர் திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்து விசாரிப்பார். காலை ஷிப்டில் கேட்டில் நின்றது நான். தூங்கினாள் என்பதற்காகவே ஒருத்தியை வேலையை விட்டு எடுத்திருக்கிறார்கள். நான் கதவையே திறந்திருக்கிறேன்.

என்னோடு ஏழு வருடமாக வேலை பார்க்கும் அக்கா ஒருத்தி இருக்கிறாள். ஸ்ரீபெரும்புதூர்க்காரி, இரண்டாவது ஷிப்டில் என்னிடமிருந்து சாவியை வாங்கிக்கொள்கிறவள். அவளிடம் மட்டும் சொன்னேன். அவள் யோசிக்கக்கூட இல்லை.

"பூட்டு சரியா மாட்டல, தொட்டா தொறந்துக்குதுன்னு சொல்லிடு. எவளோ வந்துட்டா, நான் பாக்கல. அவ்ளோதான். மெயின்டனன்ஸ்காரன் தலைல போவட்டும்."

"பொய்யாச்சேக்கா."

"நீ தொறந்தது மட்டும் இன்னா, சட்டமா?"

அந்தப் பூட்டுக் கதையையே சொல்லிவிடலாம் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மேல்மலையனூருக்குப் போவதென்று ஒரு மாதம் முன்பே முடிவு செய்திருந்தோம். அமாவாசைக் கூட்டத்தில் போக எங்களுக்கு லீவு கிடைக்காது. அதனால் வருடத்தில் ஒரு ஞாயிறு, கேட்டில் வேலை செய்யும் பெண்களும் ரூமில் தங்கியிருக்கும் பெண்களும் சேர்ந்து வேன் பிடிப்போம். அந்தத் தென்காசிப் பெண்ணும் வந்திருந்தாள். விசாரணை வருவது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. வேனில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். அவள் தலை ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நான் வந்தேன்.

அம்மனைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது டிரைவர்தான் செஞ்சியில் நிறுத்தினார். மலை ஏறுகிறவர்கள் ஏறலாம், மூன்று மணிக்கு வண்டி கிளம்பிவிடும் என்றார். பாதிப் பேர் புளியமர நிழலில் சாப்பாட்டைப் பிரித்தார்கள். அக்கா காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"நீ போய்ட்டு வா. லீவு நாள்லயும் கேட்டப் பாக்க நான் இன்னா லூசா?"

நானும் தென்காசிப் பெண்ணும் மட்டும் நடந்தோம்.

செஞ்சிக் கோட்டை ஒரு மலையில் இல்லை, மூன்று மலையில் இருக்கிறது. மூன்று மலையின் உச்சியிலும் தனித்தனிக் கோட்டை. மூன்றையும் சேர்த்து முக்கோணமாக ஒரு நீள மதில். மதில் எங்கே முடிகிறது, பாறை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. யாரோ பாறைகளை லோடு லோடாகக் கொட்டிவிட்டுப் போனது போன்ற மலை. அந்த உருண்டைகளுக்கு நடுவே சந்து இருக்கும் இடமெல்லாம் கல்லை வைத்து அடைத்திருக்கிறார்கள். முன்னால் அகழி. அதில் அப்போது தண்ணீர் குறைவு, புல்தான் அதிகம்.

வாசலில் ஒரு காவலர் பையைச் சோதித்துக்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். நீலச் சட்டை, கழுத்தில் என்னுடையது போலவே விசில். பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாதாம். அவர் கேட்பதற்கு முன்பே நான் பையின் மூன்று ஜிப்பையும் திறந்து, தண்ணீர் பாட்டிலை வெளியே எடுத்து, பையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"நீங்க எந்தக் கம்பெனி கேட்டுல நிக்கிறீங்கக்கா?"

ஒரகடம் என்றேன். அப்படியென்றால் நாம் இரண்டு பேரும் ஒரே தொழில், டிக்கெட் மட்டும் வாங்கிக்கொண்டு தாராளமாகப் போங்கள் என்றார்.

முதல் வாசலைத் தாண்டியதுமே நான் நின்றுவிட்டேன். எதிரே மதில். வழி அடைத்திருக்கிறதோ என்று பயந்து திரும்பிப் பார்த்தேன். இல்லை, வழி வலது பக்கம் மடங்கிப் போனது. கொஞ்ச தூரம் போனால் மறுபடியும் ஒரு மடக்கு. இரண்டு மடக்குக்கும் நடுவே நாலு பக்கமும் உயரமான சுவர், நடுவில் திறந்த முற்றம். மேலே சுவர் விளிம்பில் ஆள் நிற்க இடம், வரிசையாகத் துளைகள்.

எனக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் கேட்டிலும் இரும்புத் தடுப்புகளை நேராக வைக்க மாட்டோம், வளைந்து வளைந்து வருகிற மாதிரிதான் வைப்போம். நேர் வழி இருந்தால் வேகம் வந்துவிடும். இங்கே லாரிக்குப் பதில் யானை. கதவை முட்ட யானைக்கு ஓடி வர இடம் வேண்டும்; மடக்கில் திரும்பி வரும் யானைக்கு அந்த ஓட்டம் கிடைக்காது. உள்ளே வந்துவிட்டவனும் முழுசாக வரவில்லை. அந்த முற்றத்தில் மாட்டிக்கொண்டு நிற்பான், மேலே இருப்பவர்கள் நிதானமாக அவனைப் பார்ப்பார்கள். எங்கள் சோதனை அறையும் அப்படித்தான். ஒரு கதவு மூடினால்தான் அடுத்த கதவு.

அந்தப் பெண் முற்றத்தின் நடுவில் நின்று மேலே பார்த்தாள். "எல்லாரும் நம்மளையே பாக்குத மாதிரி இருக்குக்கா" என்றாள். கோட்டையைக் கட்டியவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

அடுத்த வாசலில் எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது. காவல்காரன் எங்கே உட்கார்ந்திருப்பான்? ராஜா எங்கே இருந்தார், ராணி எங்கே குளித்தார் என்றெல்லாம் போர்டில் எழுதியிருக்கிறார்கள். வாசலில் நின்றவனுக்கு போர்டு இல்லை. ஆனால் அவனுக்கு இடம் இருந்தது. வாசலின் உள்பக்கம், இடமும் வலமுமாக இரண்டு கல் மேடை, தலைக்கு மேல் கல் கூரை, கல் தூண். நான் இடது பக்க மேடையில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். வெயில் படவில்லை. காற்று வந்தது. கால் தொங்காமல் தரையைத் தொட்டது. வருகிறவன் மடக்கில் திரும்பும்போது முதலில் அவன் தோள் தெரிகிறது, பிறகு முகம், பிறகு கை. என்னை அவன் பார்ப்பதற்குள் நான் அவனை முழுசாகப் பார்த்துவிடுகிறேன். இதைக் கட்டியவன் ஒரு நாளாவது காவல் நின்றிருக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் கேட்டுக்கு வரைபடம் போட்டவர் நின்றதில்லை. மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் நேராக எங்கள் கண்ணில்தான் அடிக்கும்.

கதவு இல்லை. கதவு இருந்த இடம் இருந்தது. மேலேயும் கீழேயும் கல்லில் வட்டக் குழி, கதவின் குடுமி சுழன்ற இடம். கையை விட்டுப் பார்த்தேன், உள்ளே வழவழவென்று இருந்தது. எத்தனை ஆயிரம் தடவை திறந்து மூடியிருந்தால் கருங்கல் இப்படித் தேயும். இடுப்பு உயரத்தில் இரண்டு பக்கச் சுவரிலும் சதுர ஓட்டை. ஒரு பக்கம் ஒரு சாண் ஆழம். இன்னொரு பக்கம் முழங்கை வரை விட்டும் முடிவு தட்டுப்படவில்லை. பாம்பு இருக்குமோ என்று கையை எடுத்துக்கொண்டேன்.

வாசலில் வேறொருவரை நிறுத்திவிட்டு எங்களுக்குப் பின்னாலேயே வந்திருந்த அந்தக் காவலர்தான் சொன்னார். கதவை மூடியதும் குறுக்கே போடுகிற மரம் அது. திறந்திருக்கும்போது மரம் முழுவதும் அந்த ஆழமான ஓட்டைக்குள் போய்விடும். மூடும்போது இழுத்து எதிர்ப் பக்க ஓட்டையில் சொருகுவார்கள். ஒரு ஆளால் இழுக்க முடியாதாம், நாலு பேர் வேண்டுமாம்.

"அப்ப ராத்திரி மூடின பிறகு யாராவது லேட்டா வந்தா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரிந்தது. அந்தப் பெண் ஒரு தூணில் கையால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை.

"பெரிய கதவுலயே சின்னதா ஒரு கதவு இருந்திருக்கும்க்கா. கோயில் கதவுல பாத்திருப்பீங்களே, திட்டிவாசல்னு சொல்றது. ஒருத்தர் குனிஞ்சிதான் வர முடியும். மொதல்ல தலைதான் உள்ள வரும், வேண்டாத ஆளா இருந்தா அங்கியே முடிச்சிடலாம்." கையால் கழுத்தை வெட்டுகிற மாதிரி காட்டினார். "இங்க கதவே இல்லாததால நான் பாத்தேன்னு சொல்ல மாட்டேன். ஆனா இல்லாம எப்படி? வைத்தியனுக்காகவாவது தொறக்கணுமில்ல."

இவ்வளவு பெரிய மதில், அகழி, மடக்கு, நாலு ஆள் மரம், எல்லாம் வைத்த பிறகும் லேட்டாக வருகிறவனுக்கு ஒரு ஓட்டை வைத்திருப்பார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. இந்தக் கோட்டையை எப்படிப் பிடித்தார்கள், இதை உடைக்கவே முடியாதே என்று அந்தப் பெண் கேட்டாள். காவலர் சாதாரணமாகச் சொன்னார். பல வருஷம் முற்றுகை போட்டுப் பசியில் தவிக்க விட்டுப் பிடித்தவர்கள் உண்டு. பேச்சுவார்த்தையில் வாங்கியவர்கள் உண்டு. மற்றபடி எந்தக் கோட்டையாக இருந்தாலும் ஒன்றுதான்.

"வெளிய இருந்து தொறக்கற மாதிரி கோட்டைக் கதவு கிடையாதுக்கா. மரம் உள்ளதானே கீது. தொறந்துதுன்னா உள்ள ஒருத்தன் தொறந்திருக்கான்."

அவர் பொதுவாகச் சொன்னதுதான். ஆனாலும் திங்கட்கிழமை விசாரணை ஞாயிற்றுக்கிழமையே செஞ்சியில் நடந்துவிட்டது போல இருந்தது. பூட்டு தானாகத் திறந்துகொண்டது என்று ஆபீசரிடம் சொல்லப்போகிறேன். எந்தக் கதவு தானாகத் திறந்திருக்கிறது? கேட்டில் நின்ற யாராலும் அதை நம்ப முடியாது. ஆபீசரும் பட்டாளத்தில் காவல் நின்று வந்தவர்தான்.

காவலர் வாசலுக்குத் திரும்பிவிட்டார். நாங்கள் மேலே நடந்தோம்.

வழியில் ஒரு போர்டு இருந்தது. வழக்கம் போல நின்று கடைசி வரை படித்தேன். முதலில் கோன் வம்சத்து ராஜாக்கள் கட்டினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் பேச்சு. பிறகு விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள், பிறகு பிஜப்பூர்க்காரர்கள், மராட்டியர், முகலாயர், நடுவில் பிரெஞ்சுக்காரர், கடைசியில் ஆங்கிலேயர். வந்தவர் ஒவ்வொருவரும் மதிலைக் கொஞ்சம் அகலப்படுத்தியிருக்கிறார்கள், ஒரு மசூதியோ மண்டபமோ கட்டியிருக்கிறார்கள். படித்தபோது எனக்கு என் கேட்டுதான் ஞாபகம் வந்தது. நான் சேர்ந்ததிலிருந்து செக்யூரிட்டி கான்ட்ராக்டர் மூன்று தடவை மாறிவிட்டார். ஒவ்வொரு தடவையும் சட்டை நிறம் மாறும், தொப்பியில் சின்னம் மாறும், சல்யூட் அடிக்கும் விதம்கூட மாறும். உள்ளே நிற்கும் ஆள் அதே ஆள். இங்கேயும் அப்படித்தான் இருந்திருக்குமோ? மேலே கொடி மாறிய அன்றைக்கு இந்தக் கல் மேடையில் உட்கார்ந்திருந்தவன் என்ன செய்தான்? ஓடினானா, இல்லை புதுத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தானா? இதையும் எந்தப் போர்டும் சொல்லவில்லை.

உள்ளே கல்யாண மஹால் என்று ஒரு கட்டடம். நடுவில் முற்றமும் குளமும், சுற்றிலும் வளைவு வைத்த அறைகள், ஒரு பக்கம் அடுக்கடுக்காகக் குறுகிப் போகும் கோபுரம். வெளியே இருக்கும் குளத்திலிருந்து சுடுமண் குழாய் பதித்து இங்கே தண்ணீர் கொண்டுவந்தார்களாம். பக்கத்தில் நெற்களஞ்சியம். அதன் கனத்த சுவரைப் பார்த்தால் கோட்டைக்குள் இன்னொரு கோட்டை போல இருக்கிறது. வெளிப்பக்கம் படி ஏறிக் கூரைக்குப் போகலாம். நெல்லைக் கூரையிலிருக்கும் துளை வழியாகக் கொட்டிக் கீழே கதவு வழியாக எடுத்திருக்கிறார்கள். எனக்கு இதில் ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் பெண்தான் கூரையையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"எங்க லைன் ரேக் மாதிரிலா இருக்கு. நாங்க பின்னால இருந்து போடுவோம், முன்னால எடுப்போம். மொதல்ல வந்த பார்ட்டுதான் மொதல்ல போவும். இவங்களும் பழைய நெல்லத் தங்க விடல, பாத்தியளா."

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வியாழக்கிழமை காலை முட்டியில் கையூன்றி நின்றவள் இவள்தானா என்றிருந்தது. இவளிடம் எப்படிச் சொல்வது?

ராஜகிரி மலைதான் மூன்றில் உயரம். படி, படியாக இல்லாத பாறை, மறுபடி படி. குரங்குகள் எங்கள் பையை வேவு பார்த்துக்கொண்டே கூட வந்தன. மேலே போகும் வரை ஏழு வாசல் என்று போர்டில் படித்தேன். நான் எண்ணியதில் ஆறுதான் வந்தது. ஒன்றை வாசல் என்று தெரியாமலே கடந்திருக்கிறேன், அது எது என்று இன்றைக்கும் உறுத்தல்தான். ஒவ்வொரு வாசலும் மடக்கில்தான் இருக்கிறது. மூச்சு வாங்கி நாம் நிற்கும் இடத்தில்தான் வாசலும் நிற்கிறது. களைத்தவனை விசாரிப்பது சுலபம்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே மலை இரண்டாகப் பிளந்திருக்கிறது. ஒரு லாரி நீளத்துக்கு இடைவெளி, எட்டிப் பார்த்தால் ஐந்து மாடி ஆழம். அதன் மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் மரப்பாலம்தானாம், ஆபத்து வந்தால் உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் மேலே போக வேறு வழியே கிடையாது. அந்தப் பெண் தாண்டிப் போய் அந்தப் பக்கம் நின்றாள். நான் பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமே நின்றேன். அங்கிருந்தே சொன்னேன். பக்கத்தில் நின்று சொல்லியிருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

ஒத்திகையில் ஒரு தலை கூடியது அவளால்தான் என்று சொன்னேன். நாளைக்கு ஆபீசர் வருவதைச் சொன்னேன். அக்கா சொல்லிக்கொடுத்த பூட்டுக் கதையையும் சொன்னேன். அதைச் சொன்னால் அவள் பெயர் வராது, என் வேலையும் ஒருவேளை தப்பலாம், ஆனால் என்னால் சொல்ல முடியாது போலிருக்கிறது என்றேன். நான் திறந்தேன் என்று சொன்னால் யாருக்குத் திறந்தாய் என்று கேட்பார்கள்.

அவள் கோபமாகக் கேட்டாள்.

"வியாழக்கிழமையே சொல்லிருக்கலாம்லா. மூணு நாளா நீங்க ஒத்தையில பயந்துட்டுக் கெடந்தியளா?"

"சொன்னா நீயும் பயப்படுவ."

"நான் பயந்துட்டு ஊருக்குப் போயிருப்பேன். இல்ல வேற கம்பெனி பாத்துருப்பேன். எனக்கு ரெண்டு வழி இருக்கு. ஒங்களுக்கு இருக்கா?" கையை நீட்டினாள். "மொதல்ல இங்க வாங்க. எம் பேரச் சொல்லுங்க. நானும் வாரேன்."

தாண்டினேன். நாலு அடி அகலப் பாலத்துக்கு அவ்வளவு நேரம் எடுத்தவள் நானாகத்தான் இருப்பேன்.

உச்சியில் ஒரு சின்னக் கோயில், இன்னொரு களஞ்சியம், கூரை வளைந்த பழைய அறைகள், ஒரு பீரங்கி. ஓரமாகச் சுவரைப் பிடித்துக் கீழே பார்த்தேன். நாங்கள் வந்த வழி முழுவதும் தெரிந்தது. எங்களுக்கு அடுத்து ஏறிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் ஒவ்வொரு மடக்கிலும் மறைந்து மறைந்து வந்தது. அவர்களுக்கு நாங்கள் இருப்பது தெரியாது. அவர்கள் வந்து சேர இன்னும் அரை மணி நேரம் ஆகும். அதற்குள் அதில் சிவப்புப் புடவைக்காரருக்குக் கால் வலிக்கிறது என்பதுவரை எனக்குத் தெரிந்துவிட்டது. மேலே இருந்தவன் கத்தி எடுப்பதற்கு முன்னால் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பான். யார் நம் ஆள், யார் வெளி ஆள் என்று நடையை வைத்தே சொல்லியிருப்பான். எனக்கும் அது தெரியும். ஆறு மணி பஸ்ஸிலிருந்து இறங்கும் கூட்டத்தில் முகத்துக்கு முன்னால் நடைதான் எனக்குத் தெரியும்.

மூன்று மணிக்கு வேனில் ஏறினோம். அக்காவிடம் சொன்னபோது, "போ, போய் மாட்டிக்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திண்டிவனம் தாண்டிய பிறகு எனக்கென்று எடுத்துவைத்திருந்த புளிசாதத்தைத் தூக்குச்சட்டியோடு மடியில் வைத்தாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆபீசர் வந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், குரலை உயர்த்த மாட்டார். கேட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். நான் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன், நாலு வரி. நான் சாவி போட்டு விக்கெட் கேட்டைத் திறந்தேன், லேட்டாக வந்த நம் லைன் பெண்ணை உள்ளே விட்டேன், எழுதி வைக்கவில்லை, தப்புதான். அவர் இரண்டு தடவை படித்தார்.

அந்தப் பெண் லைனில் ஐந்து நிமிடம் கேட்டுக்கொண்டு வந்து கதவருகே நின்றாள். ஆபீசர் அவளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இந்தப் பொண்ண உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு வருஷமா தெனமும் என் கைதான் சார் சோதிக்குது."

"தெரிஞ்ச மொகம்னா தொறந்துடுவியா? எந்தக் கேட்டுலயும் தெரிஞ்ச மொகத்தாலதாம்மா திருட்டுப் போவுது."

இதையும் முந்தைய நாள் செஞ்சியில் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். அதனால் எதிர்த்துப் பேசத் தோன்றவில்லை. ஆமாம் சார் என்றேன். அதோடு விட்டிருக்க வேண்டும். பயந்தவளுக்கு வாய் நிற்காது. "ஆனா நெஜமா தீப்பிடிச்சிருந்தா சார், இவ உள்ள கீறாள்னு ஒங்க யாருக்குமே தெரிஞ்சிருக்காது. குறைஞ்சா தேடுவீங்க, இவளத் தேட மாட்டீங்க. அத நெனச்சாதான் எனக்குத் தூக்கம் வரல. தொறந்ததுக்காக இல்ல, எழுதாம விட்டதுக்காக" என்றேன்.

ஆபீசர் பேனாவை மூடினார், மறுபடி திறந்தார். அந்தப் பெண்ணுக்கு லேட் போட்டு, எழுத்தில் ஒரு எச்சரிக்கை. கான்ட்ராக்டில் பெயரை எடுக்க வேண்டாம் என்று லைனுக்குப் போனில் சொன்னார். அவள் போனாள். என்னை இந்தக் கேட்டிலேயே வைத்துக்கொள்வதாகவும், விக்கெட் கேட் சாவி மட்டும் இனிமேல் என்னிடம் இருக்காது, ஷிப்ட் சூப்பர்வைசரிடம்தான் இருக்கும் என்றும் சொன்னார். கையை நீட்டினார்.

இடுப்பு வளையத்திலிருந்து சாவியைக் கழற்ற எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நகம் உள்ளே போகவில்லை. கழற்றிய பிறகு அவர் கையில் வைக்கவில்லை. மேசையில் இருந்த சாவி நோட்டைத் திருப்பி, தேதி போட்டு, நேரம் போட்டு, அவர் பக்கம் தள்ளினேன்.

"வாங்கினவர் கையெழுத்து இங்க போடணும் சார்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டார். எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன்.